டிக்கெட்டும் தீட்டும்

(பெருமாள்மலையில் மாணவர், இளைஞர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் பேச வந்தது வேற விஷயம். வத்தலக்குண்டுல பஸ் ஏறும்போதுகூட நில உரிமை பற்றித்தான் குறிப்பு எழுதிக்கிட்டு வந்தேன். ஆனா மத்தியானம் இங்க பழனி ரோடு பிரியுற முக்குல, டீக்கடையில நம்ம தம்பிகள் போட்ட சண்டையைக் கேட்ட பிறகு, அந்தக் குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நிலத்தைப் பற்றி அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம். இந்தச் சண்டை இன்றே பேசப்பட வேண்டியது.

சண்டை என்னன்னா, மே மாத சீசன்ல நாம இங்க ஒரு தப்பாட்ட, பாட்டு இரவு நடத்தப் போறோம். அதுக்கு டிக்கெட்டு போடணுமா, வேணாமா? போட்டா எவ்வளவு? ஒரு தம்பி சொல்றான், 'நூறு ரூபா போடுங்கண்ணே, சும்மா குடுத்தா எவனும் மதிக்க மாட்டான்.' இன்னொரு தம்பிக்குக் கோபம் வந்துருச்சு: 'எஸ்டேட்டுல கொட்டை பறிக்கிற நம்ம அம்மாகிட்டயே டிக்கெட்டு கிழிப்பியாடா? அப்புறம் உனக்கும் சினிமாக் கொட்டகைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?' ரெண்டு பேரும் சரியாத்தான் பேசுறாங்க. பக்கத்து பெஞ்சுல ஆட்டக்காரப் பெரியப்பா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்து ஊர்க்காரர். டீயைக் குடிச்சு முடிச்சுட்டு நிதானமாச் சொன்னார்: 'எங்கய்யா ஆயுசு முழுக்க இலவசமாத்தான் தம்பி அடிச்சாரு.'

அதோட பேச்சு நின்னு போச்சு. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்தச் சண்டை நம்ம மலைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1994-லேயே பேர்ல் ஜாம் என்ற ராக் இசைக்குழு, எங்கள் டிக்கெட்டு 20 டாலருக்குள்தான் இருக்க வேண்டும், இடையில் டிக்கெட்மாஸ்டர் கம்பெனி ஏற்றுகிற கட்டணம் அநியாயம் என்று அரசின் நீதித் துறையிடம் புகார் கொடுத்தது. 1995-இல் அந்த விசாரணை நடவடிக்கை எதுவும் இல்லாமல் மூடப்பட்டது. அதே கம்பெனி 2010-இல் லைவ் நேஷனோடு இணைந்து இன்னும் பெரிதானது. 2024-இல்தான் ஏகபோகம் என்று அதன்மீது அரசே வழக்குப் போட்டது. 2022-இல் தொழிலாளர் வாழ்க்கையைப் பாடுகிறவர் என்று பேரெடுத்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்கு, ஆள் கூடக்கூட விலையும் ஏறுகிற ஏற்பாட்டில், சில டிக்கெட்டுகள் 5000 டாலர் வரை போயின. அவருடைய ரசிகர்கள் 1980 முதல் நடத்திவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற பத்திரிகை, இந்த விலை தந்த ஏமாற்றத்தில் 2023-இல் தன்னை நிறுத்திக்கொண்டது. ஒரு சிறுபத்திரிகை செத்துப்போவதன் வலி இங்கே இருக்கிற உங்களுக்குத் தெரியும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்பிளே கச்சேரி. டிக்கெட்டு 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை. 2024 செப்டம்பரில் விற்பனை தொடங்கியபோது ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் கணினி வரிசையில் நின்றார்கள். பிளாக்கில் லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். அந்த 2024-25-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகக் குறைந்த டிக்கெட்டுக்கு எட்டு நாள் மண் வெட்ட வேண்டும். ஆக உயர்ந்த டிக்கெட்டுக்கு ஒரு குடும்பம் நூறு நாளும் முழுசா வேலை பார்த்தாலும் 31,900 ரூபாய்தான் வரும். சட்டம் உறுதி சொன்ன ஒரு வருஷத்து வேலை, ஒரு ராத்திரிப் பாட்டுக்குப் பத்தாது.

சரி, காசு கொடுத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா? 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக்கு அருகே பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி. ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டார்கள். குழந்தைகள் மிரண்டு அழுதார்கள். ரஹ்மானே வருத்தம் தெரிவித்து, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட்டு நகலை அனுப்பச் சொன்னார். நாடே பேசியது. நியாயம்தான். பணம் கொடுத்தவன் வாசலில் நிறுத்தப்பட்டால் அவமானம்தான்.

ஆனால் தோழர்களே, அந்த அவமானம் சிலருக்கு ஒரு நாள் அனுபவம். சிலருக்குப் பரம்பரை அனுபவம். அதே 2023, மார்ச் 30. சென்னை ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படத்துக்குக் குழந்தைகளோடு வந்த நரிக்குறவர் குடும்பம். கையில் டிக்கெட்டு இருந்தது. வாசலில் ஊழியர் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்த படம் ஊரெல்லாம் பரவிய பிறகு, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் இருந்தார்கள், அதனால்தான் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. ஊழியர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கிற சட்டம் வந்திருந்தது. பட்டியலில் இடம் கிடைத்தது, கொட்டகையில் கிடைக்கவில்லை.

எங்க அப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த மலையில் பிறந்தவன். அப்பா எஸ்டேட் கூலி. கீழே இறங்கி ஒரு கொட்டகையில் படம் பார்க்கப் போனார். தரை டிக்கெட்டு, பெஞ்சு டிக்கெட்டு, சேர் டிக்கெட்டு என்று மூன்று வகுப்பு இருந்த காலம். அன்னைக்குத்தான் சம்பளம் வாங்கியிருந்தார். பெஞ்சுக்குக் காசை நீட்டினார். உள்ளே இருந்தவன் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், எந்த ஊர்னு கேட்டான், தரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து மீதிச் சில்லறையைத் தள்ளினான். அப்பா ஒன்றும் சொல்லாமல் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தார். அந்த மீதிச் சில்லறையை மட்டும் செலவழிக்கவே இல்லை என்று அம்மா சொல்லும்.

ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, கையில் இருந்த காசு என்றார். இதை நாம் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. கோயில் மண்டபத்தில் நாதசுரக் கச்சேரிக்கு டிக்கெட்டு கிடையாது. ஆனால் நம்ம பாட்டன் கோபுர வாசலைத் தாண்டி நின்றுதான் கேட்டான். அங்கே இலவசம், நமக்குத் தடை. கொட்டகையில் கட்டணம், நமக்குத் தரையாவது உண்டு. ஆகவே டிக்கெட்டு என்பது வெறும் முதலாளித்துவச் சதி என்று ஒரே போடாகப் போடுகிற தோழர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காசை வாங்கிக்கொண்டு சாதியைக் கேட்காத ஒரு சன்னல் நமக்கு ஒரு காலத்தில் பெரிய திறப்பாக இருந்தது. எங்க அப்பாவின் கோபம் டிக்கெட்டு விலைமீது அல்ல, காசைக் கொடுத்த பிறகும் சாதியைக் கேட்டதன்மீது.

இதை உணர்ந்தவர் பாபாசாகேப். அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களாகக் கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை இவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. பாட்டு கேட்பதும் கூத்துப் பார்ப்பதும் தண்ணீர் எடுப்பதோடு சேர்த்து வைக்கப்பட்ட உரிமை. அது வயிறு நிறைந்த பிறகு வருகிற சமாச்சாரம் அல்ல.

அப்படியானால் இலவசமாக நடத்தினால் எல்லோரும் வந்துவிடுவார்களா? சென்னையில் மார்கழி சபாக்களுக்குப் போய்ப் பாருங்கள். பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. நம்ம சனம் அங்கே உண்டா? காவலாளியின் பார்வையே ஒரு டிக்கெட்டு. இதை உள்ளே இருந்தே உணர்ந்து பேசிய டி.எம். கிருஷ்ணா, 2015-இல் மார்கழி சபாக்களில் பாடுவதில்லை என்று அறிவித்தார். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து விழா தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது. அங்கே குப்பம்தான் விழாவை நடத்திய ஊர். வேடிக்கை பார்க்க ஓரமாக நிற்க வேண்டியதில்லை. கூட்டம் வந்ததற்கு அதுவும் காரணம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். அனுமதி இலவசம். 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை'யும் அப்படித்தான். 1990-களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களும், கே.ஏ. குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போன இரவுகளும் நமக்குப் பாதை போட்டவை.

இங்கேதான் பெரியப்பா சொன்ன வார்த்தை குறுக்கே வந்து நிற்கிறது. இலவசம் என்றால், அந்தச் செலவு யார் தலையில்? கொட்டகைக்காரன், மைக்செட்காரன், வேன்காரன் யாரும் இலவசமாக வருவதில்லை. கடைசியில் இலவசமாக வருகிறவன் ஆட்டக்காரன் ஒருத்தன்தான். ஊர் சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, கூலி என்று கேட்காதே, ஒரு மரக்கா நெல்லும் கொஞ்சம் சாராயமும் வாங்கிக்கொண்டு போ. இதுதான் ஆண்டைகள் நமக்குப் பழக்கிய இலவசக் கச்சேரி. அதை உதறிவிட்டு, தப்பை எரித்துவிட்டு வந்த ஊர்கள் உண்டு. 'இயக்கத்துக்காக வாங்கப்பா' என்று நாமும் அவரைச் சும்மா கூப்பிட்டால், துண்டு மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். டிக்கெட்டு விலையிலிருந்து தொடங்காதீர்கள். ஆட்டக்காரர் கூலியிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பேர், தலைக்கு 1,500 என்றால் 15,000. மைக்செட்டு 7,000. அடிவாரத்திலிருந்து வேன் 4,000. சாப்பாடு 4,000. ஆக 30,000 ரூபாய். முன்னூறு பேர் வந்தால் ஆளுக்கு நூறு, சரிதானே என்பான் முதல் தம்பி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 400 ரூபாய். நான் சொன்ன அந்த 319-ஐ விட அதிகம். அந்த வீடு வராது. அம்மா வீட்டில் இருந்துகொண்டு பையனை மட்டும் அனுப்பும்.

வேறு மாதிரிப் பிரிப்போம். எஸ்டேட்டுச் சனம், பளியர் குடியிருப்பு, மாணவர், கூலியாட்கள் என்று இருநூறு பேர், ஆளுக்கு 30 ரூபாய். 6,000 வந்தாச்சு. மாதச் சம்பளம் வாங்குகிற நம்ம ஆசிரியர், அரசு ஊழியர், சீசனுக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற வெளியூர்க்காரர் எண்பது பேர், ஆளுக்கு 300. அது 24,000. கணக்கு முடிந்தது. வரிக் கவலையும் இல்லை. 500 ரூபாய்க்கு மேற்படாத கச்சேரி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு 2018 முதல் இருக்கிறது.

'300 குடுத்தவன் முன்னாடி உட்காரணும்னு கேப்பானேண்ணே?' என்கிறீர்கள். கேட்பான். அங்கேதான் நாம் உறுதியாக நிற்க வேண்டும். விலை ரெண்டு, இடம் ஒண்ணு. சோபா கிடையாது, பிரமுகர் வரிசை கிடையாது, எல்லோருக்கும் ஒரே ஜமக்காளம். டிக்கெட்டின் நிறமும் ஒன்றாக இருக்கட்டும், யார் எவ்வளவு கொடுத்தார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. முதலில் வந்தவர் முன்னால் உட்காரட்டும். முப்பதும் இல்லாத வீடு இருந்தால் வாசலில் நிற்கிற தோழர் கண்டுகொள்ளாமல் உள்ளே விட வேண்டும். வாசலில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. முக்கியமாக, வாசலில் நம்ம பெண்கள் நிற்கட்டும். எஸ்டேட்டு அம்மாக்கள் தயங்காமல் உள்ளே வர அது ஒரு வழி.

இந்த மலைக்கு வண்டிப் பாதை வருவதற்கு முன்னால் துரைமார்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அந்தக் கூலிகளின் பேரப் பிள்ளைகள் இப்போது கொடைக்கானலில் கோடை விழா நடக்கும்போது சுண்டலும் பட்டர் புரூட்டும் விற்றுக்கொண்டு, உள்ளே நடக்கிற பாட்டை வெளியே நின்று கேட்கிறார்கள். மே மாதம் ஒரு ராத்திரியாவது அவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கட்டும். அடிக்கிறவர் அன்றைக்கே கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு வேன் ஏறட்டும்.

கூட்டம் முடிந்ததும் அந்த ரெண்டு தம்பிகளும் பெரியப்பாவோடு உட்கார்ந்து 1,500 போதுமா என்று முதலில் கேளுங்கள். அவர் கூடக் கேட்டால் என் கணக்கைத் திருத்துங்கள், அவர் கூலியைத் திருத்தாதீர்கள்.

ஜெய்பீம்.