மதர்போர்டை மாற்றும் முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் சங்க அலுவலகக் கணினி வேலை நடுவே தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. பார்க்க வந்தவர் மல்டிமீட்டர் வைத்துவிட்டு, "12 வோல்ட் சரியாக வருகிறது, மதர்போர்டு போய்விட்டது" என்றார். பொருளாளர் செக் எழுதும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றுகிறது. மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். இவை ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். 12 என்றால் 11.4 முதல் 12.6 வரை சரி.

பச்சை ஒயரையும் கறுப்பையும் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. லோடு இல்லாதபோது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்! கணினி முழு வேலையில் இருக்கும்போது அளக்க வேண்டும்.

அப்போதும் மல்டிமீட்டர் காட்டுவது சராசரியைத்தான். பாஸ்புக்கில் மாதக் கடைசி இருப்பை மட்டும் பார்த்தால் நடுவில் செக் திரும்பியது தெரியுமா? டிசியின் மேல் சன்னமாக ஓர் ஏற்ற இறக்கம் ஓடும். அதற்கு ரிப்பிள் என்று பெயர். ஏ.டி.எக்ஸ். விதிப்படி 12 வோல்ட்டில் அது 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது; 5-லும் 3.3-லும் 50 தான் எல்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்து போனால் ரிப்பிள் ஏறும், கணினி தடுமாறும். இதைப் பார்க்க ஆஸிலாஸ்கோப் வேண்டும்.

அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2014-இல் மூடிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வளாகத்தில் பிறகு சால்காம்ப் வந்து சார்ஜர் தயாரிக்கிறது. நம் குடியிருப்பிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளில் டெஸ்ட் லைனில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் லோடும் ஸ்கோப்பும் தினசரிப் பழக்கம். என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

சிசிடிவிக்கு அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையோடு உள்ள ஆர் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்து வாங்குங்கள்.

கணினி விஷயத்தில் என் யோசனை இது: யாரிடமாவது நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ். உபரியாக இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். மாட்டிப் பார்ப்போம். அதுவரை அந்தச் செக் பொருளாளரிடமே இருக்கட்டும்.