குளம் உறைந்தால் மைதானம்

(கீழ்பென்னாத்தூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரித்துவிட்டீர்கள். நியாயம்தான். மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடுகிறவர்கள் நாம். ஆனால், குளிர் எப்போது வரும், குளம் எப்போது உறையும் என்று பிள்ளைகள் காத்திருக்கும் ஊர்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. லடாக்கைச் சொல்கிறேன்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில் அல்ல, கடுங்குளிர் காலத்தில். அப்போது வயல் வேலையும் இராது. நம் பக்கம் ஏரி வற்றியதும் பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டுவிடுகிறார்கள் அல்லவா, அதே கதைதான். இங்கே வெயில் மைதானம் போட்டுத் தருகிறது, அங்கே குளிர்.

லேயில் கர்சூ என்றொரு குளம். உறைந்துவிட்டால் அதுதான் ஆடுகளம். ராணுவ வீரர்கள் வழியாகவே இந்த ஆட்டம் அங்கே பரவியது. ஸ்கேட் கிடைக்காத காலத்தில் ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பொருத்திச் சறுக்கியிருக்கிறார்கள். குளம் இல்லாத இடத்தில் சமதரையைச் சுற்றி வரப்பு கட்டி, இரவில் தண்ணீர் விடுவார்கள். ஒரு படலம் உறைந்ததும் அதன்மேல் அடுத்தது. கழனிக்கு மடை திருப்பிப் பழகிய நம் பிள்ளைகளிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இந்த ஆட்டத்துக்குப் பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வட்டுதான். களத்தில் அணிக்கு 6 பேர்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அங்குள்ள பெண் பிள்ளைகளின் கதை. ஆண்கள் ஆடிய களத்தில் அவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் நேரம் வாங்கினார்கள். பேய் கிராமத்தில் உள்ள செக்மோல் பள்ளி போன்ற சில இடங்களில் அவர்களுக்கும் மட்டையைக் கையில் கொடுத்தார்கள். (ஊர்ப் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்.) 2016-இல் இந்தியப் பெண்கள் அணி தைபேயில் முதன்முறையாகச் சர்வதேசப் போட்டியில் ஆடியது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். வெற்றி கிடைக்கவில்லை. மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றார்கள். ஆண்டில் இரண்டு, மூன்று மாதம் மட்டுமே இயற்கைப் பனி கிடைக்கும் ஊர்க்காரர்கள் அவர்கள்!

நமக்குப் பன்னிரண்டு மாதமும் மைதானம் இருக்கிறது. பாடவேளை அட்டவணையில் விளையாட்டும் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால்தான் வகுப்பு வாசலில் ஒரு குரல் கேட்கும்: “சார், இன்னிக்கு ஒருநாள் மட்டும் குடுங்க, போர்ஷன் முடியல.” கணக்கு ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அறிவியலும் வரிசையில் நிற்கிறது. அப்படிப் போகும் நேரத்தில் முதலில் இழப்பது பெண் பிள்ளைகள்தான். பையன்கள் மாலையில் ஏரிப்பக்கம் போய் ஆடிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பள்ளியில் கிடைக்கும் அந்தப் பாடவேளையை விட்டால் வேறு நேரமே இல்லை.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேர்வு மாதத்திலும் வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று தொடாமல் விட்டுவையுங்கள். பந்து, மட்டை, விசில் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.