கல்லுடைக்கும் பூ

இன்று ஒரு தாவரவியற் சொல்லை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். ‘சக்சிபிராகா’ என்பது அச்சொல். இலத்தீனில் ‘சக்சும்’ என்றால் பாறை. ‘பிராங்கெரே’ என்றால் உடைத்தல். கல்லுடைப்பான் என்று நாம் சொல்லலாம். 1753 இல் லின்னேயஸ் இதனை ஒரு பேரினத்தின் பெயராக்கினார். பின்னர் ஒரு குடும்பம் முழுவதும் இப்பெயரைப் பெற்றது.

அல்ப்ஸ் மலையின் பாறை இடுக்குகளில் இச்செடிகள் பூக்கின்றன. சுவிற்சர்லாந்தின் டோம் சிகரத்தில், 4505 மீற்றர் உயரத்தில், இதன் ஊதாப்பூ இனமொன்று வாழ்கிறது. கோடையிலும் இரவுதோறும் உறைபனி விழும் இடம் அது.

அங்கே பாறையை உடைப்பது இந்தச் செடிதானா? இல்லை. வெடிப்பினுள் புகுந்த நீர் உறைந்து விரிவதாலேயே பாறை பிளக்கிறது. ஏற்கெனவே உள்ள வெடிப்பில் வேர் இடம்பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் பெயர் வந்தது எப்படி? இவ்வினத்துச் செடியொன்றின் அடியில் பருக்கைக் கற்கள் போன்ற சிறு குமிழ்கள் உண்டு. அதனால் அது சிறுநீர்க் கல்லைக் கரைக்கும் என்று ஐரோப்பாவின் பழைய வைத்தியர்கள் நம்பினர். பெயரிலுள்ள கல் மலையின் கல் அன்று, மனித உடம்பின் கல் என்பதே பலர் தரும் விளக்கம்.

இமயத்திலும் இக்குடும்பத்துச் செடியொன்று உண்டு. ஆயுர்வேதத்தில் அதற்குப் பாஷாணபேதம் என்று பெயர். பாஷாணம் என்றதும் நமக்கு நஞ்சு நினைவுக்கு வரும். வடமொழியில் அது கல்லைக் குறிக்கும். அங்கும் அதே நோய், அதே பெயர்!

அமெரிக்கக் கவிஞர் வில்லியம் காலோஸ் வில்லியம்ஸ் தொழிலால் வைத்தியர். 1944 இல் வெளிவந்த அவரது தொகுதியின் பெயரே ‘ஆப்பு’. அதிலுள்ள ஒரு சிறு கவிதையில், பாறையைப் பிளக்கும் இந்தப் பூவையே தமது பூவாக அவர் வரித்துக்கொள்கிறார்.

தாவரவியலின்படி இது பிழைதானே என்று கேட்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. இரும்புக்கு இணங்காத பாறையும் வேருக்கு இணங்கும் என்ற கருத்தை நமது ‘நல்வழி’யும் சொல்கிறது. மென்மையே வெல்லும் என்பதற்கு இரு மொழிகளும் வேரைச் சாட்சிக்கு அழைத்திருக்கின்றன. நோயாளியின் வலியில் பிறந்த ஒரு சொல்லைக் கவிஞர் நம்பிக்கையின் சொல்லாக்கினார். சொற்பிறப்பை அறிந்தபின் அக்கவிதை எனக்குச் சிறுத்துவிடவில்லை. பாறையை உடைக்காமலே அதன்மேல் வாழ்ந்துகாட்டும் அந்தப் பூவின்மீது மதிப்புத்தான் கூடியது.