எட்டுக் கிலோவில் மூணு கிலோ
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

மூணு வருசத்துக்கு முன்னாடி என் எடை 58 கிலோ. ஒரே வருசத்தில் 66 ஆயிடுச்சு. வீட்டில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டுறவள் நான். கொஞ்சம் வெட்டுறதுக்குள்ளேயே அசந்து போயிடுவேன். முடி கொட்டுச்சு, மலச்சிக்கல், மாதவிலக்கில் உதிரம் அதிகம். சித்திரை மாசத்திலேயே ஃபேனை நிறுத்தச் சொல்லுவேன். "தின்னுட்டுத் தூங்கினா இப்படித்தான்" என்றார்கள். நானும் அதை நம்பி ராத்திரிச் சோத்தை விட்டேன். குழுவில் 4,000 ரூபாய் உள்கடன் எடுத்து, எடை குறைக்கிற பவுடர் வாங்கினேன். கடன்தான் மிச்சம், எடை குறையலைங்க.

கடைசியில் டாக்டர்கிட்டப் போனேன். டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் சுரப்பி அது. அதன் சுரப்பு குறைஞ்சா, லோ வோல்டேஜில் ஓடுற தையல் மெஷின் மாதிரி உடம்பு மொத்தமும் மெதுவாகிடும். டிஎஸ்எச் என்பது அந்தச் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளைக்கு அடியிலிருந்து வர்ற உத்தரவு. சுரப்பு குறையக் குறைய சூப்பர்வைசர் சத்தம் கூடுற மாதிரி, டிஎஸ்எச் அளவு ஏறும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். தைராய்டால் ஏறுற எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் நிறைய, உடம்பில் தங்குற உப்பும் தண்ணீரும்.

மாத்திரை ஆரம்பித்துச் சில மாசத்தில் 3 கிலோ இறங்கியது. மீதி இறங்கலையேன்னு நானே மாத்திரையை நிறுத்திட்டேன். அதுதான் என் பெரிய தப்பு. ரெண்டு மாசத்தில் பழைய அசதி திரும்ப வந்துடுச்சு. அது எடை குறைக்கிற மாத்திரை இல்லைங்க, குறையுற சுரப்பை ஈடு கட்டுற மாத்திரை. மீதி எடை உட்கார்ந்தே வேலை செய்ததாலும், டீயும் வர்க்கியுமாத் தின்னதாலும் வந்தது. இப்போ தினம் நடக்கிறேன். 62 கிலோவுக்கு வந்திருக்கேன்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னை உட்பட எட்டு நகரங்களில் பரிசோதித்த பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இந்தக் குறை இருந்ததாம். பெண்களுக்குத்தான் அதிகம்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்க. டீ, காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிச்சு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. மாசமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

குழுவில் யாராவது சோர்ந்து இருந்தால் "சோம்பேறி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ரத்தம் பார்த்தியான்னு கேளுங்க. என்னை அப்படி ஒருத்தர் கேட்டிருந்தால், அந்த 4,000 ரூபாயும் ஒரு வருசமும் மிஞ்சியிருக்கும்.