வாட்டர்லூவின் சிற்றுருவப் போர்க்களம்

போர்க்களத்தைப் பொம்மைகளால் அமைத்தல் வெறும் விளையாட்டன்று. 1815-ஆம் ஆண்டின் வாட்டர்லூப் போரை அவ்வாறு அமைக்கும் பணி, 1830-இல் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எட்டு மாதங்கள் களத்திலேயே தங்கி நிலத்தை அளந்தார். மாலை ஏழு மணியளவில் எப்படை எங்கு நின்றதெனப் போரிட்ட அதிகாரிகளைக் கடித வாயிலாக வினவினார். 1833-இல் அரசு பொருளுதவியை நிறுத்தியது. அவர் பணியை நிறுத்தவில்லை.

ஏறத்தாழ 75,000 சிறு உலோக வீரர்களுடன் அம்மாதிரி 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. பிரஷ்யப் படை நின்ற இடம் வெலிங்டன் கோமகனுக்கு உவப்பாயில்லை. வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதன்றோ அங்கு வழக்கு!

சீருடையின் வண்ணம் பிழைத்தால் தூரிகை திருத்தும். வீரனை நிறுத்திய இடம் பிழைத்தாலோ, காண்போர் மனத்தில் வரலாறே பிழைபடும்.