காய்ச்சலும் மருத்துவர் கல்வியும்
(மும்பையில் ஆண்டு விழாவன்று ஆற்றிய உரை)



இந்நகரில் மழை பிடித்தால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு யாவும் உடன் வரும். முதலிரு நாட்களில் நான்கிற்கும் முகம் ஒன்றே. நாமோ கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை விழுங்கிய பின்னரே மருத்துவரிடம் செல்கிறோம். (அடியேனும் அவ்வாறு சென்றவனே!) அதன்பின் எடுத்த இரத்தத்தில் டைபாய்டுக் கிருமி பெரும்பாலும் வளர்வதில்லை, மருத்துவர் இருட்டில் துழாவுகிறார்.

ஆதலின் தொற்றுநோய் மருத்துவர் நோயாளியின் கட்டிலருகிலும் சோதனைக்கூடத்திலும் ஒருங்கே பயிலல் வேண்டும். 1986-இல் சென்னையில், தம் மாணவி நிர்மலாவுடன் எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதல் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் சோதனைக்கூட அறிஞரே. அந்நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய காலத்தில், 1993-இல் அவர்களுக்கென ஒரு நிலையம் கண்டார்.

இன்று எம்.டி.க்குப்பின் மூன்றாண்டு டி.எம். படிப்பு உண்டு, இடங்களோ மிகச் சில. நம் சங்கத்து மாணவருள் ஒருவரேனும் அதனை நாட வேண்டுகிறேன்.