சிறு வீடும் பெரு வளவும்



சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் வாக்கு. வரவுக்கு மேற்பட்ட வீட்டைக் கட்டிக் கடனில் மூழ்காதே என்பதே இதன் பொருளென்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், சிறுகக் கட்டிய வீட்டினுள்ளே ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குடும்பம் பெருக வாழ்வது எங்ஙனம்? அவ்வாழ்வில் நன்மை எத்துணை, தீமை எத்துணை? இவ்வினாக்களையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

இதன்பொருட்டு உங்களைத் திருகோணமலை மாவட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றேன். கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூருக்கு அண்மையில், சேனையூர், சம்பூர் முதலிய ஊர்களின் அயலிலே அமைந்தது கட்டைபறிச்சான் என்னும் சிற்றூர். வயலும் களப்பும் கடலும் அருகருகே உள்ள நாடு அது. இன்று அப்பகுதியிலே கல்வீடுகள் பல எழுந்துவிட்டன. எனினும், மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக, ஓர் அறையும் முன்னே ஒரு திண்ணையும், புறம்பாக ஓர் அடுக்களைக் குடிலும் கொண்ட வீட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள் அங்கு இன்னும் பலர் இருக்கின்றனர். அத்தகைய வீடொன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் நன்மைகளைக் கூறுவோம். அவ்வீட்டுக்கு வேண்டிய மண் நிலத்திலிருந்தும், கம்பு காட்டிலிருந்தும், ஓலை தென்னையிலிருந்தும் வந்தன. மாரி தொடங்குமுன் கூரை வேய்வதற்கு அயலவர் கை கொடுத்தனர். அவர்கள் கூரை வேயும் நாளில் இவர் சென்று கை கொடுத்தார். கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களிலும் கிடுகின் கீழே ஓரளவு குளிர்ச்சி இருந்தது. இரவில் பாய் விரித்தால் அது படுக்கையறை. விடிந்து பாயைச் சுருட்டினால் அதுவே கூடம். அறுவடை முடிந்தால் அதுவே நெல் வைக்கும் களஞ்சியம்.

இவற்றினும் பெரியது மனத்துக்குக் கிடைத்த நன்மை. ஓரறை வீட்டிலே கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இரண்டாவது அறை இல்லை. ஆகவே மாலையில் மூண்ட பிணக்கு, ஒரே சட்டியிலிருந்து சோறு பரிமாறும் வேளையிலே பாதி தணிந்துவிடும். தந்தை பட்ட கடனும், தாய் சேர்த்த சிறு பணமும், மழை பொய்த்த கவலையும் பிள்ளைகளின் காதிலே விழும். குடும்பத்தின் நிலையை அவர்கள் கேளாமலே கற்றனர். இருமுகின்ற பாட்டியின் அருகிலே எந்நேரமும் ஒருவர் இருந்தனர். தனிமை என்னும் நோய் அவ்வீட்டை அணுகவில்லை.

இத்துடன் நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையையே சொன்னவனாவேன். குடிசை வாழ்வைப் புகழ்ந்து பேசுவோருட் பலர் அதிலிருந்து வெளியேறியவர்கள் என்பதை மறத்தல் ஆகாது. அவ்வீட்டின் இடர்கள் எல்லார்மீதும் சமமாக விழுந்தனவும் அல்ல. ஆடவனுக்குச் சந்தியும் கடற்கரையும் இருந்தன. பெண்ணுக்கோ வீடே உலகம். விறகடுப்பின் புகையை நாள்தோறும் விழுங்கியவள் அவளே. வீட்டினுட் சூழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஒருவருக்குச் சயரோகம் கண்டால், காற்றோட்டமில்லாத ஓரறையில் உடனுறங்குவோர்க்கும் அது எளிதிற் பரவும். பருவமடைந்த மகளுக்கு உடைமாற்ற ஒரு மறைப்பு இல்லை. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச ஒரு மூலை இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கு விளக்கு வேண்டும். அதே அறையிற் படுத்திருக்கும் நோயாளிக்கோ இருள் வேண்டும். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்பதற்கு ஓர் இடம் இல்லாத பிள்ளைகளின் துன்பத்தை நாம் யாவரும் கண்டோம்.

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் அக்குடும்பங்கள் எவ்வாறு மானத்தோடு வாழ்ந்தன? விடை சுவர்களுக்கு வெளியே இருக்கின்றது. வீட்டைச் சூழ்ந்த வளவே அந்த விடை. அறை சிறிது, ஆனால் வளவு பெரிது. வேலியோரத்துக் கிணற்றடியிலே பெண்கள் தங்கள் மனக்குறையைச் சொல்லி ஆறினர். முற்றத்து மரநிழலிலே பிள்ளைகள் படித்தனர். புகை அடுக்களைக் குடிலோடு நின்றது. வெப்பம் மிகுந்த இரவுகளில் ஆண்கள் முற்றத்திலே பாய் விரித்தனர்.

கிழக்கிலங்கைத் தமிழர் பலரிடையே மணமுடித்த மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதே வழக்கம். மாமியும் மருமகனும் மரியாதை கருதி ஒருவருக்கொருவர் ஒதுங்கி நடக்க வேண்டியவர்கள். ஓரறை வீட்டில் இது கைகூடுவது எப்படி? மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு குடிலுக்கு மாறிக்கொள்வர். குடும்பம் பிரிந்தும் பிரியாமலும் வாழ வழி செய்தது அந்த நிலமே.

வளவு இல்லாத சிறுவீடு எத்தகையது என்பதையும் இதே மண் கண்டிருக்கின்றது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது, சம்பூர்ப் பகுதி மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். ஊர்திரும்ப இயலாத நிலையில், அவர்களுட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களின் முகாம்களிலே தங்க நேர்ந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளிற் காணிகள் விடுவிக்கப்படும்வரை, பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகத் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தன. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். முகாம்வாசிகளுட் பலர் சிறிய வீடுகளிலே பிறந்து வளர்ந்தவர்கள்தாம். சிற்றறை அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் முகாமிலே ஒரு கொட்டிலின் சுவர் மற்றொரு கொட்டிலை நெருங்கி நின்றது. தனக்கென ஒரு கிணற்றடி இல்லை. ஆடு கட்ட இடமில்லை. மகளுக்குக் குடில் போட நிலமில்லை. நெருக்கம் ஒன்றுதான்; அதை ஆற்றும் வளவு இல்லை.

அனர்த்த காலங்களில் உதவுகின்ற நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. கூரையின் கீழே ஆளொருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்கின்றது அது. அதே அளவுகோல், குடும்பங்களின் முற்றம், பாதை, பொதுவிடம் யாவும் சேர்த்து, முகாமிலே ஆளொருவருக்கு 45 சதுர மீற்றர் நிலம் வேண்டும் எனவும் கூறுகின்றது. கூரைக்கு உள்ளே ஒரு பங்கென்றால் வெளியே பன்னிரண்டு பங்கு. நம் முன்னோர் பழக்கத்தால் அறிந்ததை இவர்கள் கணக்கால் அறிந்தனர் எனலாம்.

போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியோடு நடைபெற்ற வீடமைப்புத் திட்டத்திலே, குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டு, ஏறத்தாழ 550 சதுர அடியில் வீடுகள் எழுந்தன. இரண்டு அறையும் மலசலகூடமும் கொண்ட அவ்வீடு பெரிதன்று. ஆயினும், மகள் உடைமாற்ற ஒரு கதவும், மாணவன் படிக்க ஒரு மூலையும் அதில் உண்டு. இம்மாற்றத்தைச் சிறிதென்று எண்ணுதல் தகாது.

எனக்குள்ள அச்சம் வேறொன்று. சுவர்கள் உறுதிபெற்று வரும் இந்நாளில் வளவுகள் சுருங்கி வருகின்றன. ஒரு வளவு மூன்று பெண்மக்களுக்கு மூன்றாகப் பிரிகின்றது, பிரிந்த துண்டிலே வீடு எல்லையை முட்டி நிற்கின்றது, மதில் எழுகின்றது, நின்ற மரம் வீழ்கின்றது. சிறுவீட்டின் தீமைகள் அப்படியே இருக்க, அவற்றை ஆற்றிய மருந்து மட்டும் கைவிட்டுப் போகின்றது.

ஆதலின், சிறு வீடு கட்டுவோருக்கு என் வேண்டுகோள் மிக எளியது. கையில் எஞ்சிய பணத்தில் முகப்பை அலங்கரிக்குமுன், அறையினுள்ளே ஒரு தடுப்புச் சுவர் எழுப்புங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வையுங்கள். பிள்ளைக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் கொடுங்கள். வீட்டைக் காணியின் நடுவிலே பரப்பாமல் ஒருபுறமாக ஒதுக்கி, ஒரு முற்றமும் ஒரு மரமும் மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே எதனை வைப்பது என்பதை முதலிலே வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவ்வீட்டில் அதிக நேரம் வாழப்போகின்றவர்கள் அவர்களே.

சிறுகக் கட்டுவது கொத்தனாரின் வேலை. பெருக வாழ்வதற்கு வேண்டிய இடத்தைச் சுவருக்கு வெளியே விட்டுவைப்பது நம்முடைய வேலை.